எண்ணெய்க் கசிவின் மூலம்: மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே செப்பனிடுவது பற்றிய ஓர் ஆய்வு

கொங்கு நாட்டில் மோட்டார் சைக்கிள் செல்வர் வீட்டு ஆடம்பரமாக இருந்த காலம் மறைந்துவிட்டது. பால் கேனையும் தீவன மூட்டையையும் சுமந்து தோட்டத்துக்கும் சொசைட்டிக்கும் இடையே ஓடுவதும், மில்லிலும் பட்டறையிலும் ஷிஃப்டு முடிந்த தொழிலாளியை நள்ளிரவில் வீடு கொண்டு சேர்ப்பதும் அதுவேயாகிவிட்ட இந்நாளில், வண்டி நின்ற இடத்தில் காலையில் காணப்படும் ஒரு சிறு எண்ணெய்க் கறை, எந்தக் குடும்பமும் என்றேனும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய விஷயமாகிறது. அதைக் கண்டதும் சிலர் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். சிலர் ஸ்பேனரை எடுத்துக் கைக்கு எட்டிய போல்ட்டையெல்லாம் இறுக்குகிறார்கள். வேறு சிலர் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இல்லாத பணத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்குகிறார்கள். காரணத்தை அறியுமுன் காரியத்தில் இறங்குவது என்ற ஒரே பிழையின் மூன்று வடிவங்கள் இவை. சிறு கசிவுகளிற் பெரும்பாலானவை வீட்டு வாசலிலேயே நீக்கத்தக்கவை என்பதும், அவற்றை நீக்குவதில் கைத்திறனைக் காட்டிலும் மூலத்தைக் கண்டறியும் பொறுமைக்கே பெரும்பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரை நிலைநாட்ட விரும்பும் கருத்துக்கள்.

வரலாறு

எண்ணெய் ஒழுகுவது ஒரு குறையாகவே கருதப்படாத காலமும் இருந்தது. சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளமையில் ஓர் ஆங்கிலேய ரெவின்யூ அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, கோயம்புத்தூரில் ஹோட்டல் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்டி அதன் மர்மத்தைக் கற்றார் என்பது இப்பிரதேசம் முழுதும் அறிந்த செய்தி. அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில், தொட்டியிலிருந்து எஞ்சினுக்குள் செல்லும் எண்ணெய் திரும்பி வருவதற்கு வழியே கிடையாது. தன் வேலையைச் செய்து, ஓரளவு எரிந்தும் ஓரளவு பாதையில் சிந்தியும் அது தீர்ந்துபோகும். செலவானதை ஓட்டுநரே கைப்பம்பினால் அவ்வப்போது ஈடுசெய்ய வேண்டும். அதே எண்ணெயைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தும் ஏற்பாடு பரவிய பிறகே, அதை உள்ளே அடைத்து வைப்பது யந்திர நிர்மாணத்தின் கடமையாயிற்று. கசிவு என்பதும் குறையாயிற்று.

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியுடன் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தோற்றுவித்துத் திருவொற்றியூரில் உண்டாக்கிய புல்லட், தன் வார்ப்பிரும்பு எஞ்சினோடு ஏறத்தாழ 2010 வரை நீடித்தது. பல மூடிகளும் பல இணைப்புக்களும் கொண்ட அந்த எஞ்சினைப் பழகியவர்கள், புல்லட் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று நம்பவும் பழகிக்கொண்டார்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் வந்த பின்னர், இணைப்புக்கள் குறைந்து, அலுமினிய வார்ப்பின் முகங்கள் துல்லியமாகக் கடையப்பட்டமையால், கசிவு விதி என்ற நிலை மாறி விதிவிலக்காயிற்று. விதிவிலக்காகிவிட்டதனாலேயே அதைக் கண்டதும் இன்று பீதி கொள்கிறோம்.

ஆனால் பீதிக்கு இடமில்லாத ஊர் கோயம்புத்தூர். 1926-ல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தையும், 1937-ல் நாயுடுவும் பாலசுந்தரமும் சமைத்த மின்மோட்டாரையும் கண்ட இந்த நகரத்தைச் சுற்றிப் பீளமேட்டிலும் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நெருங்கி நிற்கின்றன. தோட்டத்துப் பம்புசெட்டுக்குத் தானே பேக்கிங் வெட்டிப் போடும் குடியானவனுக்கு, மோட்டார் சைக்கிளின் பேக்கிங்கை மாற்றுவது புதிய வித்தையாக இருக்க முடியாது.

கசிவின் காரணமும் அளவும்

எஞ்சின் என்பது பல துண்டுகளாக வார்த்து, இடையே காகிதப் பேக்கிங்கோ ரப்பர் வளையமோ வைத்து, போல்ட்டுக்களால் பிணைத்த ஒரு பெட்டி. அது சூடேறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்குகிறது. ஓயாத அதிர்வு போல்ட்டுக்களைத் தளர்த்துகிறது. வருஷக் கணக்கில் உஷ்ணத்தில் கிடந்த ரப்பர் விறைத்துப்போகிறது. பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அதன் கீழே உள்ள காற்று அழுந்தி, வெளியேற வழி தேடுகிறது. இந்நான்கில் எந்த ஒன்று மிஞ்சினாலும் எண்ணெய் வெளிவரும். சமவெளியில் மாதக்கணக்கில் உலர்ந்திருந்த வண்டி, பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 வளைவுகளையோ, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குள்ள 40 வளைவுகளையோ தாழ்ந்த கியரில் ஏறி வந்த மறுநாள் கசியத் தொடங்குவதற்குக் காரணம், உஷ்ணமும் அழுத்தமும் ஒருங்கே உச்சத்தைத் தொட்டதுதான்.

கசிவில் மூன்று நிலைகள் உண்டு. மூடியின் ஓரத்தில் ஈரம் பூத்துத் தூசி ஒட்டுவது முதல் நிலை; துடைத்தால் திரும்ப ஊறிக் கோடாக இறங்குவது இரண்டாவது; தரையில் சொட்டுவது மூன்றாவது. முதல் நிலையைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம், இரண்டாவதற்கு நாள் குறிக்க வேண்டும், மூன்றாவதை ஒத்திப்போடலாகாது. இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். இரவில் 10 சொட்டு விழுந்தால் மாதத்துக்கு 15 மில்லி, எஞ்சின் உடனே வறண்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு ஓயாமல் விழுந்தாலோ, ஒரு நாளில் 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி போய்விடும். இரண்டு லிட்டருக்கு மேல் எண்ணெய் கொள்ளும் பழைய புல்லட் இதைச் சில காலம் பொறுக்கும். ஒரு லிட்டர்கூடக் கொள்ளாத 100 சி.சி. வண்டியோ இரண்டு வாரத்துக்குள் வறண்டு, பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அளவு சிறிதானாலும் பின் டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் படியுமானால், அது உயிருக்கே ஆபத்து.

நிலவும் அபிப்பிராயங்கள்

இவ்விஷயத்தில் நம்மிடையே நான்கு கொள்கைகள் வழங்குகின்றன.

இறுக்கினால் நின்றுவிடும் என்பது முதற்கொள்கை. தளர்ந்த போல்ட்டுக்கு மட்டும் இது பொருந்தும். மூடிகளைப் பிடித்திருக்கும் 8-ம் நம்பர் ஸ்பேனர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். அதாவது 10 சென்டிமீட்டர் நீளப் பிடியில் 10 கிலோ இழுவை. அதை மிஞ்சினால் பேக்கிங் நசுங்கி வெளியே பிதுங்கும், அல்லது அலுமினியத்தின் மரை கழன்று வரும். பழைய புல்லட்டின் பிரைமரி செயின் மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டுத்தான் தாங்குகிறது. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கி, விளிம்பு ரப்பரைவிட்டு விலகி, கசிவு முன்னினும் அதிகமாகும். இறுக்கியதால் பெருகிய கசிவுக்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் வேண்டியதில்லை.

மேலே பசை பூசி அடைக்கலாம் என்பது இரண்டாவது. அனபாண்ட் முதலிய பசைகள் சரியான இடத்தில் மெல்லிய பூச்சாக நன்மை செய்பவை. ஆனால் எண்ணெய் ஊறிய பரப்பில் வெளிப்புறமாக அப்பினால் ஒட்டாது; உட்புறம் அளவுக்கு மீறித் தடவினாலோ, பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடும்.

கெட்டியான எண்ணெயையோ, கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் மருந்தையோ ஊற்றலாம் என்பது மூன்றாவது. கெட்டி எண்ணெய் கசிவின் வேகத்தைக் குறைக்கலாம், துவாரத்தை அடைக்காது. அன்றியும் மோட்டார் சைக்கிளிற் பெரும்பாலும் கிளட்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருப்பதால், காருக்கென்று செய்த மருந்துகள் கிளட்ச் வழுக்குவதற்கே காரணமாகலாம்.

எஞ்சினை முழுதும் பிரித்துப் பூட்டினாலன்றித் தீராது என்பது நான்காவது. சில கசிவுகளுக்கு இது உண்மையே. ஆயினும் ஒரு ரப்பர் வளையத்தினால் தீர வேண்டியதற்கு எஞ்சினைப் பிரித்தால், அதுவரை உலர்ந்திருந்த இணைப்புக்கள் அனைத்தும் புதிதாகக் கலைக்கப்பட்டுப் புதிய கசிவுகளுக்கு இடம் உண்டாகிறது.

இந்நான்கும் ஒவ்வோர் இடத்தில் சரியாக இருக்கக் கூடியவை. எந்த இடத்தில் எது என்பதை அறியும் வழியைச் சொல்லாமையே இவற்றின் பொதுக் குறை. அனுபவம் முதிர்ந்த நம்மூர் மெக்கானிக்கோ, ஸ்பேனரும் கையுமாக வரும் வாடிக்கைக்காரரிடம், “அதைய இறுக்காதீங்ணா, மொதல்ல தொடச்சுட்டுப் பாருங்ணா” என்று சொல்லிவிடுகிறார். ஆராய்ச்சி முறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

மூலத்தைக் கண்டறிதல்

முதலாவது, கசிவது எஞ்சின் எண்ணெய்தானா என்று நிச்சயிக்க வேண்டும். பழுப்பாகவோ கருப்பாகவோ, விரலில் வழுவழுப்பாக நிற்பது எஞ்சின் எண்ணெய். நெடியுடன் சீக்கிரம் ஆவியாவது பெட்ரோல். முன் ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் குழாயில் வளையமாகப் படிவது ஃபோர்க் எண்ணெய். பெயிண்டை அரிப்பது பிரேக் திரவம். அதைக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது. செயினுக்குப் போட்ட எண்ணெய் வீசியடித்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் திரண்டு ஒழுகுவதைக் கண்டு, எஞ்சினின் ஆயில் சீல் போயிற்று என்று மாற்றியவர்களும் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டின் சைலென்சர் இணைப்பில் வடியும் கருமை, எரியாமல் வந்த கலவை எண்ணெயேயன்றி எஞ்சினின் கசிவன்று. இதற்கு நேர்மாறாக, ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றில் கிராங்கின் கிளட்ச்பக்கத்து சீல் கெட்டால், கியர் எண்ணெய் உள்ளேயே உறிஞ்சப்பட்டு வெண்புகையாகப் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. அளவுக்கோலை எடுத்துப் பார்ப்பவனுக்கே அக்கசிவு புலப்படும்.

இரண்டாவது, எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிஷம் எஞ்சினை ஓட்டி நிறுத்தி, எண்ணெய் கீழிறங்கியதும் அளவுக்கோலைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்ப்பது முறை. அந்தக் கோலைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைக் கேட்க வேண்டும். மட்டம் குறைவதைப் போலவே மிகுவதும் கேடு. ஒரு லிட்டருக்குக் குறைவாகக் கொள்ளும் எஞ்சினில் ஒரு லிட்டர் டப்பா முழுவதையும் கவிழ்த்துவிட்டால், மிகை எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாகத் துப்பப்படும். எந்தப் பேக்கிங்கும் கெடாமலே வண்டி ஒழுகும். மிகையை வடித்துவிட்டு, மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இவ்வகைக் கசிவு அதோடு தீரும்.

மூன்றாவது, சுத்தம் செய்தல். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயோ டீசலோ தோய்த்த பிரஷினால் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் உலர்த்த வேண்டும். அருகில் நெருப்பு கூடாது; பிரேக்கில் ஒரு துளியும் படக் கூடாது. வாட்டர் வாஷ் செய்யும் இடத்து வேகமான நீர்த்தாரை, மணலை சீலின் உதட்டுக்குள் செலுத்திப் புதிய கசிவை உண்டாக்கும். அதைத் தவிர்ப்பது நலம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, ஈரமான இடத்திலெல்லாம் புழுதியைக் கொண்டுவந்து அப்புவதால், கசிவின் சுவடு களிம்பு போலத் திரண்டு, உண்மையான ஊற்றுக்கண்ணை மறைத்துவிடுகிறது. இந்தப் படலத்தை நீக்காமல் செய்யும் பரிசோதனை அனைத்தும் ஊகமே.

நான்காவது, உலர்ந்த எஞ்சினின் மீது முகப்பவுடரை மெல்லத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து, வெளிச்சத்தில் நின்று நோக்க வேண்டும். வெண்மையில் கருங்கோடு தெளிவாகத் தெரியும். எண்ணெய் கனத்தால் கீழ் நோக்கியும், ஓடும் வண்டியின் காற்றால் பின் நோக்கியும் செல்வதால், ஈரம் கண்ட இடங்களுள் எது மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ளதோ அதுவே மூலம். தரையில் சொட்டும் வடிபோல்ட்டைக் குற்றவாளியாக்கிவிடுவது எளிது; ஆனால் தலைப்பகுதி மூடியில் ஊறிய எண்ணெய் எஞ்சின் முழுதும் சுற்றி வந்து கடைசியில் சொட்டுவதும் அந்தப் போல்ட்டிலிருந்துதான். ஒரு தடவையில் தெரியாவிட்டால், இரவில் வண்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து, விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி துடைத்து ஆராய வேண்டும்.

வீட்டிலேயே நீக்கத்தக்கவை

மூலம் தெரிந்த பின், மருந்து பெரும்பாலும் சில ரூபாய்ப் பொருளே. அவற்றுள் மிகச் சாதாரணமானது வடிபோல்ட்டின் வாஷர். செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன அவ்வாஷர் நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மறு முறை அவ்வாறு பொருந்தாது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் புதிய வாஷர் இடாமல் பழையதையே போட்டு, அது கசியும்போது போல்ட்டை இறுக்கி, ஈற்றில் எஞ்சின் அடிப்பாகத்தின் மரையை அழிப்பதே நம்மிடம் நடக்கும் வழக்கமான சோகம். வெதுவெதுப்பான எண்ணெயை வடித்து, போல்ட் அமரும் முகத்தைத் துடைத்து, விரல் நுனியில் தடவி அழுக்கில்லை என்று தெளிந்து, புதிய வாஷருடன் போல்ட்டை முதலில் கையாலேயே முழுதும் திருக வேண்டும். கையால் சிரமமின்றிப் போகாத போல்ட் மரையில் கோணலாக ஏறியிருக்கிறது என்று பொருள். இறுதியில் ஸ்பேனரால், வாஷர் கவ்வுவது உணர்வில் படும் அளவுக்கு இறுக்கி நிறுத்த வேண்டும்.

டாப்பெட் மூடியின் ரப்பர் வளையம் விறைத்திருந்தால், எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து, பள்ளத்தைத் துடைத்து, புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்துவது எவராலும் ஆகக்கூடியது.

கிளட்ச் மூடியின் பேக்கிங் சற்றுப் பெரிய வேலை. எண்ணெயை வடித்து, கிக்கரையும் கேபிளையும் கழற்றி, போல்ட்டுக்களை எடுக்க வேண்டும். அப்போல்ட்டுக்களின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடுமாதலால், ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எடுத்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது நல்ல பழக்கம். நீண்ட போல்ட் குறுகிய துவாரத்தில் ஏறினால் வார்ப்பே வெடிக்கும். பழைய பேக்கிங்கைத் திருப்புளியால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் விழும் கீறலே நாளைய கசிவு. மரச்சீவலையோ மழுங்கிய பிளாஸ்டிக்கையோ கொண்டு பொறுமையாக நீக்க வேண்டும். மூடியைப் பொருத்தியதும் போல்ட்டுக்களைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில், சிறுகச் சிறுக இறுக்க வேண்டும்.

கியர் லிவரின் தண்டிலுள்ள ஆயில் சீலைப் பல வண்டிகளில் எஞ்சினைப் பிரிக்காமலே வெளியிலிருந்து மாற்றலாம். தண்டின் பற்களில் மெல்லிய டேப்பைச் சுற்றி, சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருக்குமாறு வைத்து, பொருத்தமான பாக்ஸ் ஸ்பேனரைக் கொண்டு சமமாகத் தட்டிச் செலுத்த வேண்டும். ஆயினும் தண்டிலேயே தேய்ந்த பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலும் கசியும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

முன் ஃபோர்க்கின் கசிவு பல சமயம் சீலின் உதட்டில் சிக்கிய மணலினால் வருவது. தூசி மறைப்பை மேலே நகர்த்தி, பழைய ஃபோட்டோ ஃபிலிம் துண்டு ஒன்றை உள்ளே செலுத்திச் சுற்றி எடுத்தாலே சில வேளை நின்றுவிடும்.

பட்டறைக்கு உரியவை

சிலிண்டருக்கும் தலைக்கும் இடையிலும், சிலிண்டருக்கும் அடிப்பெட்டிக்கும் இடையிலும் ஊறும் எண்ணெய், அடிப்பெட்டியின் இரு பாதிகள் கூடும் கோட்டில் வரும் கசிவு, மரை அழிந்த வடிதுவாரம் ஆகியவை வீட்டில் தொடத்தக்கவையல்ல. நீலப்புகையுடன் கூடிய கசிவு, பிஸ்டன் ரிங் தேய்ந்து அடிப்பெட்டியில் அழுத்தம் மிகுந்ததன் விளைவாக இருக்கக் கூடும். அங்கே சீலை மாற்றுவது வீண். மாதக்கணக்கில் நின்ற பழைய புல்லட்டில், எண்ணெய் பம்பின் வழியே மெல்ல இறங்கி அடிப்பெட்டியில் தேங்கி, ஸ்டார்ட் செய்ததும் மூச்சுக்குழாயால் பீறிடுவதோ, பம்பின் தேய்மானத்தைக் காட்டும் அறிகுறி. இவற்றைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும்போதும், துடைத்துப் பவுடர் தூவி மூலத்தைக் கண்டுவைத்திருக்கும் உரிமையாளர், இன்ன இடத்தில் இன்ன நிலையில் கசிகிறது என்று சொல்லக்கூடியவராகிறார். மெக்கானிக்கின் நேரமும் மிச்சம். வேண்டாத வேலைக்குக் கூலி கொடுப்பதும் இல்லை.

வடித்த எண்ணெயின் கதி

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ வேலி ஓரத்திலோ ஊற்றுவது பெரும் தீங்கு. ஒரே ஒரு முறை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கியதையும், 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் கண்ட நொய்யல் கரையினருக்கு, கெட்ட நீர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் பட்டறையில் ஒப்படைப்பதும், தோலில் பட்டதைச் சோப்பினால் உடனே கழுவுவதும் வேலையின் பகுதியே. கசிவை நிறுத்துவதும் அந்த நீரைக் காப்பதன் ஒரு சிறு கூறு.

முடிபு

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், திரவத்தை இனங்காணல், மட்டம் பார்த்தல், துடைத்தல், ஓட்டிப் பார்த்தல் என்னும் நான்கும் முன்னே நிற்க, ஸ்பேனர் கடைசியில் வருகிறது. இவ்வரிசையை மாற்றும்போதே சிறு கசிவு பெருஞ்செலவாகிறது. பார்க்கக் கற்றவனுக்குக் கருவி தானே கைவரும் என்பதை, ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தே தன் கல்வியைத் தொடங்கிய நாயுடுவின் வாழ்க்கை மெய்ப்பித்தது. அவர் முயற்சியால் 1945-ல் அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் இந்நகரில் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் எழுந்தது. வண்டி ஓட்டுவதற்கு லைசென்ஸ் பெறும் ஒவ்வோர் இளைஞரும் இளம்பெண்ணும், அதன் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும், ஒரு வடிபோல்ட்டை முறையாகக் கழற்றி மாட்டவும், கசிவின் மூலத்தைச் சுட்டிக்காட்டவும் கற்றுக்கொள்வதற்கு உயர்நிலைப் பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ ஒரு முழு நாள் ஒதுக்கினால் போதும். பட்டறைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லாத கோயம்புத்தூர் இதை முதலில் தொடங்குவதே பொருத்தம்.